மான்சூன் என்றொரு கணினி

மும்பையின் மாஹிமில் நடந்துபோகும் தூரத்துக்குள் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று மக்தூம் அலி மாஹிமியின் தர்கா. 1372-இல் பிறந்து 1431-இல் மறைந்த அவர் அரபுவழி வந்த நவாயத் குடும்பத்தவர். குர்ஆனுக்கு அரபியிலேயே விரிவுரை எழுதிய அறிஞர். மற்றொன்று புனித மிக்கேல் ஆலயம். 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா இந்தத் தீவுகளைப் போர்ச்சுகீசியரிடம் ஒப்படைத்த காலத்தில் அவர்கள் எழுப்பிய தேவாலயத்தின் வாரிசு அது. இப்போது நிற்கும் கட்டடம் 1973-இல் கட்டியது. மான்சூன் என்ற சொல்லின் வரலாற்றை எழுத இதைவிடப் பொருத்தமான பேட்டை கிடைக்காது. அரபுக் கடலோடிகளின் வாயில் பிறந்து, போர்ச்சுகீசியர் வாயில் உருமாறி, ஆங்கிலத்தில் ஏறி, மும்பைத் தமிழர் பேச்சில் 'மான்சூன் ஆரம்பிச்சிடுச்சு' என்று வந்து இறங்கிய சொல் அது. அதே சொல் 1980களின் இறுதியில் ஒரு கணினிக்கும் பெயரானது. கணினி அறிவியலில் ஒரு தனிப் பள்ளியே அந்தப் பெயரைச் சுற்றி இயங்கியது. அந்தப் பள்ளியின் முன்னணியில் இந்தியர்கள் இருந்தார்கள்.

சொல்லின் வேரிலிருந்து வருவோம்.

அரபியில் வ-ஸ-ம் என்பது அடையாளமிடுவதைக் குறிக்கும் வேர். ஒட்டகத்துக்குச் சூடுபோட்டு 'இது எங்களுடையது' என்று காட்டுவதற்கான சொல்லும் அதிலிருந்து வருவதுதான். மவ்சிம் என்றால் அடையாளமிட்ட காலம். சந்தை கூடும் காலம் மவ்சிம், ஹஜ் பயணக் காலம் மவ்சிம், கப்பல் பாய்விரிக்கத் தகுந்த காலமும் மவ்சிம். 15ஆம் நூற்றாண்டின் பெரும் மாலுமி இப்னு மாஜித் எழுதிய கடலோட்ட நூலில் மவ்சிம் என்பது ஒரு நாட்கணக்கு. எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு, நைரூஸ் புத்தாண்டிலிருந்து எத்தனையாவது நாளில் புறப்படலாம் என்று அவர் வரிசையாகச் சொல்லிப்போவார். அங்கே முதன்மை மழைக்கு இல்லை. அந்த நாட்கணக்கின் அடியில் இருந்தது, புறப்படத் தேவையான காற்று வந்துவிட்டதா என்ற கேள்விதான்.

இந்தச் சொல் போன இடமெல்லாம் இந்தக் காலப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டு போனது. இந்தியில் மௌசம், துருக்கியில் மெவ்சிம், சுவாஹிலியில் ம்சிமு, மலாயில் மூசிம். மலேசியத் தமிழர்கள் மலாய்க்காரரிடம் பழப் பருவத்தைப் பற்றிப் பேசும்போது 'மூசிம்' என்றே சொல்கிறார்கள். டுரியான் பருவமும் மூசிம்தான். போர்ச்சுகீசியர் இதை மௌசௌன் என்பதுபோல் கேட்டு, பிறகு மூக்கொலி சேர்த்து மொன்சௌன் ஆக்கினார்கள். 'ன்' நுழைந்த இடம் அதுதான். அங்கிருந்து டச்சுக்காரர், பிறகு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர். 1686-இல் வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலி, வணிகக் காற்றுகளையும் மான்சூன்களையும் ஒரே வரைபடத்தில் வரைந்து வெளியிட்டபோதும் அது காற்றின் பெயராகவே இருந்தது. நிலத்தில் இருந்து ஆண்டவர்களுக்குக் காற்றைவிட மழை முக்கியம். எனவே இந்தியாவில் சொல்லின் பொருள் மெல்ல மழைக்கு மாறியது. இன்று மும்பையில் ஜூன் 11 வாக்கில் எதிர்பார்க்கப்படுவது மழைதான். காற்று யாருக்கும் நினைவில் இல்லை.

நம்மிடம் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் இருந்தது. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. மீனவர் வழக்கில் மேல்காற்றுக்குக் கச்சான் என்ற பெயரும் உண்டு. ஈழத்துக் கரையில் சோழகக் காற்று வீசும். தமிழ் 'எங்கிருந்து' என்று கேட்டுப் பெயர் வைத்தது, அரபி 'எப்போது' என்று கேட்டு வைத்தது. இரண்டையும் ஒட்டுப்போட்டதுதான் பாடநூல் தந்த பருவக்காற்று. பருவம் என்பதை வடமொழி பர்வன் என்பதோடு, அதாவது மூங்கிலின் கணுவோடு, சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. காலத்தின் மேல் விழும் கணு. அப்படிக் கொண்டால் மவ்சிமுக்கு மிக நெருங்கிய உறவுச்சொல் பருவம்தான்.

பழைய பொருள் மாஹிமை விட்டு முழுதாகப் போய்விடவும் இல்லை. மாஹிம் கோலிவாடாவின் படகுகள் ஆனி, ஆடியில் கரையேறிக் கிடக்கும். சட்டப்படி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. வழக்கப்படி நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் அளித்த பின்புதான் கோலி மீனவர்கள் வலையை எடுப்பார்கள். படகு தயார், ஆள் தயார், வலை தயார். காலம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இப்னு மாஜித் இதைப் பார்த்தால் மவ்சிம் என்று சொல்ல ஒரு கணமும் தயங்கமாட்டார்.

இனி கணினிக்கு வருகிறேன்.

நாம் அன்றாடம் கையாளும் கணினியின் அடிப்படை ஏற்பாடு 1940களில் வகுத்தது. கட்டளைகள் நினைவகத்தில் வரிசையாக அடுக்கியிருக்கும். அடுத்துச் செய்யவேண்டிய கட்டளை எது என்று காட்ட ஒரு சுட்டி. ஒன்றை முடி, சுட்டியை நகர்த்து, அடுத்ததை எடு. முன்னதற்கும் பின்னதற்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை, வரிசைதான் சட்டம். ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸே 1977-இல் டூரிங் விருது பெற்றபோது, நிரலாக்கம் இந்தக் கட்டிலிருந்து விடுபட வேண்டும் என்று வாதாடினார். அவர் காட்டிய வழி சார்புமொழிகள்.

சார்புமொழியில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான். எக்ஸ் என்பது 5 என்றால் அந்தக் கணக்கு முடியும்வரை 5. வழக்கமான மொழிகளில் எழுதுவதுபோல எக்ஸை எடுத்து ஒன்று கூட்டி மறுபடியும் எக்ஸிலேயே போடுவதற்கு அங்கே இடமில்லை. பார்ப்பதற்கு இது கட்டுப்பாடு. கிடைப்பது பெரிய விடுதலை. எதுவும் மாறாது என்றால் எதை முதலில் கணக்கிட்டாலும் விடை ஒன்றே. இரண்டு எண்களைக் கூட்டி, வேறு இரண்டைக் கழித்து, இரு விடைகளையும் பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூட்டலும் கழித்தலும் ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளில் நடக்கலாம். பெருக்கல் மட்டும் இரண்டு விடைகளும் வந்து சேரும்வரை காத்திருக்கும். எவை இணையாக ஓடலாம் என்பதை நிரல் எழுதுபவர் தனியே சொல்லவே வேண்டாம். கணக்கின் வடிவத்திலேயே அது இருக்கிறது.

அப்படியானால் கட்டளைச் சுட்டியே இல்லாத ஒரு கணினியைக் கட்டினால் என்ன? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜாக் டென்னிஸ் 1970களின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வியோடு வேலை செய்துகொண்டிருந்தார். இதற்குத் தரவோட்டக் கணினி என்று பெயர். தேவையான தரவு வந்து சேர்ந்த கட்டளை எதுவோ அது இயங்கும். வரிசை கிடையாது, வருகை மட்டும் உண்டு.

கலிஃபோர்னியாவின் எர்வைன் வளாகத்தில் இதே பாதையில் போனவர் அர்விந்த். ஒற்றைப் பெயராலேயே உலகம் அறிந்த அவர் 1969-இல் ஐ.ஐ.டி. கான்பூரில் பட்டம் பெற்றவர். கிம் கோஸ்டலோ, வில் ப்ளூஃப் ஆகியோருடன் 1978-இல் அவர் வெளியிட்ட மொழியின் பெயர் இட். ஃபிராய்டின் உளவியலில் வரும் இட் என்று சிலர் எண்ணக்கூடும். உண்மையில் அது 'எர்வைன் தரவோட்டம்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். எர்வைனை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஐ' எழுத்தில்தான் தொடங்கும். பிறகு அர்விந்த் எம்.ஐ.டி.க்கு மாறினார். மொழியும் கூடவே போனது. எர்வைன் ஊரின் முத்திரை மட்டும் பெயரில் அழியாமல் தங்கியது.

எம்.ஐ.டி.யில் அவருடன் சேர்ந்து இட் மொழியைப் புதுப்பித்தவர் ரிஷியூர் நிகில். பெயரின் முன்னால் ஓர் ஊர் நிற்கிறது. நீடாமங்கலம் பக்கத்தில் ரிஷியூர் என்று ஒரு கிராமம் உண்டு. கணினி அறிவியலின் ஆங்கிலக் கட்டுரைகளில் நிகில், அர்விந்த், கேசவ் பிங்காலி என்று பெயர்கள் அடுத்தடுத்து வரும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிமிர்கிறது. வேறெங்கோ கண்டதை மெருகேற்றியவர்களாக இவர்களைச் சொல்ல முடியாது. அடித்தளத்தில் கல் வைத்தவர்கள் இவர்கள்.

அவர்கள் வைத்த கற்களில் முக்கியமானது ஐ-ஸ்ட்ரக்சர். சார்புமொழிகளுக்கு அட்டவணைகள் எப்போதும் தொல்லை. ஆயிரம் கட்டங்கள் கொண்ட அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்பினாலும் 'மாற்றம்' ஆகிவிடுகிறது. மாற்றம் கூடாது என்றால் முழு அட்டவணையும் முடிந்த பிறகே அதைத் தொட வேண்டும். ஐ-ஸ்ட்ரக்சரில் ஒவ்வொரு கட்டமும் காலியாகத் தொடங்கும். ஒரே ஒரு முறை நிரப்பலாம். நிரம்பும் முன்பே ஒருவர் படிக்க வந்தால் அவருக்குப் பிழை என்று பதில் வராது. அவருடைய கோரிக்கையை அந்தக் கட்டத்தின் பெயரில் குறித்துவைத்து, மதிப்பு வந்ததும் அனுப்புவார்கள். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், விடை மாறாது. அர்விந்தும் ராபர்ட் தாமசும் 1980-இல் முன்வைத்த இந்த யோசனையை அர்விந்த், நிகில், பிங்காலி மூவரும் 1989-இல் விரிவாக எழுதினார்கள்.

மொழி வந்தது; அதற்கேற்ற எந்திரம் வேண்டும். தொடக்க வடிவமைப்புகளில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு அடையாளக் குறியோடு டோக்கனாகப் பயணம் செய்தது. இரண்டு டோக்கன்களின் குறி ஒன்றானால் ஜோடி சேர்ந்து கட்டளை இயங்கும். ஆனால் மிதந்துகொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான டோக்கன்களில் ஜோடியைத் தேடுவது பெரும் செலவு. இந்தச் சிக்கலை கிரிகரி பாப்படோபுலோசும் டேவிட் கல்லரும் எளிமையாக அவிழ்த்தார்கள். நிரலின் ஒவ்வொரு அழைப்புக்கும் நினைவகத்தில் ஒரு சட்டகம். இரண்டு மதிப்புகள் சந்திக்கவேண்டிய கட்டளை ஒவ்வொன்றுக்கும் அந்தச் சட்டகத்தில் ஒரு குழி. குழியில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று காட்ட வருகைக்குறி. முதலில் வரும் டோக்கன் குழி காலி என்று கண்டால் தன் மதிப்பை வைத்துவிட்டுக் காத்திருக்கும். இரண்டாவது வந்ததும் முதலாவதை எடுத்துக்கொண்டு கட்டளை இயங்கும். குழி மறுபடி காலி. தேடல் இல்லை, நேரே முகவரி. 1990-இல் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பில் அந்த எந்திரத்தின் பெயர் இருந்தது: மான்சூன். மோட்டரோலா நிறுவனத்துடன் சேர்ந்து எம்.ஐ.டி. அதை உண்மையிலேயே கட்டி, இட் மொழி நிரல்களை ஓட்டியும் காட்டியது.

பெயரைப் படிக்கும்போது மழை நினைவுக்கு வருவது இயல்பு. ஓட்டம் என்ற சொல்லே தண்ணீரை அழைத்துவரும். என் வாசிப்பு வேறு. மழைப் பொருளில் மான்சூன் அந்த எந்திரத்துக்கு அழகான பெயர் மட்டுமே. மவ்சிம் என்ற மூலப்பொருளில் அது மிகச் சரியான பெயர். கடிகாரமோ வரிசையோ புறப்பாட்டை ஆணையிடுவதில்லை. தேவையானது வந்து சேர்வதே ஆணை. துறைமுகத்தில் தயாராக நிற்கும் கப்பலும் குழியில் காத்திருக்கும் முதல் டோக்கனும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. அந்த விதிக்கு அரபுக் கடலோடிகள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் ஏறி இறங்கிய சொல் தன் பழைய பொருளை ஒரு மின்னணு எந்திரத்தில் திரும்பப் பெற்றது என்றே நான் கருதுகிறேன்.

மழைப் பொருளும் வேறொரு வகையில் வேலை செய்தது. இந்த எந்திரங்களுக்கு இணைமைக் குறைவால் தொல்லை வரவில்லை, மிகுதியால் வந்தது. ஒரு வளையம் பத்தாயிரம் முறை சுற்ற வேண்டும் என்றால், தரவு தயாராக இருக்கும் சுற்றுகள் எல்லாமே ஒரே கணத்தில் பொங்கி எழும். ஒவ்வொன்றுக்கும் சட்டகம் வேண்டும். நினைவகம் நிரம்பிவிட்டால் எந்தச் சுற்றும் முடிய இடமில்லாமல் எல்லாமே நின்றுபோகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது மித்தி ஆற்றின் தண்ணீர் மாஹிம் கழிமுகத்தின் வழியாக வடிய முடியாமல் ஊருக்குள் திரும்பியதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கல்லரும் அர்விந்தும் 1988-இல் இதையே ஆராய்ந்து, ஒரு வளையத்தில் ஒரே சமயம் இத்தனை சுற்றுகள்தான் உயிரோடு இருக்கலாம் என்று உச்சவரம்பு வைக்கும் முறையை எழுதினார்கள். இணை நிரலாக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கவனிக்காத பாடம் இது. இணைமையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, அடக்குவது மறுபாதி.

அதே ஆண்டுகளில் இந்தியா என்ன செய்துகொண்டிருந்தது? நிஜமான மான்சூனைக் கணிக்க ஒரு சூப்பர் கணினி வாங்க அமெரிக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டது இரண்டு செயலிகள் கொண்ட க்ரே எக்ஸ்-எம்பி/24. தந்தது ஒரே செயலி கொண்ட எக்ஸ்-எம்பி/14. தேசிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் அதைக்கொண்டுதான் தொடங்கியது. ஓர் எந்திரத்தில் எத்தனை செயலிகள் இருக்கலாம் என்பது அன்று வெளியுறவு விவகாரம். இந்தியரான அர்விந்த் தலைமையில் இயங்கிய குழு பல செயலிகளை ஒன்றாக ஓட்ட மான்சூன் என்ற பெயரில் எந்திரம் கட்டிய அதே வேளையில், மான்சூனுக்காகக் காத்திருந்த நாட்டுக்கு இரண்டாவது செயலி மறுக்கப்பட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. அந்தச் சூழலில் 1988-இல் புனேயில் அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக் பிறந்தது. 1991-இல் டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளை இணைத்து விஜய் பட்கர் தலைமையில் பரம் 8000 வந்தது. பரம் என்பது 'மேலான' என்ற வடமொழிச் சொல்லாகவும், இணை எந்திரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாகவும் வைத்த பெயர்.

எம்.ஐ.டி.யின் மான்சூன் நீடிக்கவில்லை. சந்தையில் கிடைத்த சாதாரணச் செயலிகளின் வேகம் 1990களில் ஆண்டுதோறும் பாய்ந்தது. ஒரு பல்கலைக்கழகமும் ஒரு கூட்டாளி நிறுவனமும் தனிச்சில்லு வடித்து அதோடு ஓடிப் போட்டியிட முடியாது. பாப்படோபுலோஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போனார், கல்லர் பெர்க்லி போனார். நிகிலும் அர்விந்தும் இட் மொழியின் கருத்துகளை ஹாஸ்கல் என்ற சார்புமொழியின் உடையில் போட்டு பிஎச் என்ற மொழியாக்கினார்கள். 2001-இல் இருவரும் சேர்ந்து அதற்கு ஒரு நூலும் எழுதினார்கள். அர்விந்த் 2024 ஜூனில் காலமானார்.

மான்சூன் என்ற பெயர் மறைந்த பிறகும் ஓர் எழுத்து பிழைத்தது. 1991-இல் பால் பார்த், நிகில், அர்விந்த் மூவரும் ஐ-ஸ்ட்ரக்சரின் தம்பியாக எம்-ஸ்ட்ரக்சரை அறிமுகம் செய்தார்கள். அதிலும் காலியான கட்டத்தைப் படிக்க வந்தவர் காத்திருக்க வேண்டும். ஆனால் எடுத்தால் கட்டம் காலியாகிவிடும், மறுபடி நிரப்பலாம். ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கைவைக்க முடியாது. பூட்டு என்று தனியாக ஒன்று தேவையில்லை. மாறாமை என்ற சார்புமொழி நெறியிலிருந்து இது ஓர் அடி விலகல்தான். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறக்கூடும். இருந்தும் பலர் பங்கிடும் வரிசை, கணக்கேடு போன்றவற்றை இது இல்லாமல் எழுதுவது பெரும்பாடு என்று அவர்கள் வெளிப்படையாகவே வாதிட்டார்கள். 1996-இல் சைமன் பெய்டன் ஜோன்ஸ், ஆண்ட்ரூ கார்டன், சிக்ப்யோர்ன் ஃபின் ஆகியோர் ஹாஸ்கலில் ஒரே சமயத்தில் பல இழைகள், அதாவது தனித்தனிச் செயலோட்டங்கள், ஓட வழிசெய்தபோது, அடிப்படைக் கருவியாக எடுத்துக்கொண்டது இதைத்தான். பெயர் எம்-வார் என்று சுருங்கியது. எம்-வாரின் எம் மான்சூனின் எம் அன்று. மாறக்கூடியது என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. ஒலிப்பொருத்தத்தை வைத்துச் சொல்லாராய்ச்சி செய்பவர்கள் விழும் குழி இத்தகையதுதான். ஆனால் எழுத்து வேறானாலும் கொடிவழி ஒன்று. ஐ-ஸ்ட்ரக்சரும் பின்னால் ஹாஸ்கல் நூலகங்களில் ஐ-வார் என்று திரும்பி வந்தது.

எந்திர வடிவிலும் இந்தக் கருத்து சாகவில்லை. இன்றைய கைப்பேசியில் உள்ள செயலி வெளியே கட்டளை வரிசையை மதிப்பதுபோல் காட்டிக்கொள்ளும். உள்ளே, ஒரு சிறு சாளரத்துக்குள், எந்தக் கட்டளைக்குத் தரவு வந்துவிட்டதோ அதை முதலில் இயக்கும். யேல் பாட் என்ற கணினி வடிவமைப்பாளரின் குழு 1985-இல் இதற்குக் கட்டுப்படுத்திய தரவோட்டம் என்றே பெயரிட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் நடந்திருக்கிறது. ஓகேமல் என்ற சார்புமொழி 1996 முதல் புழக்கத்தில் இருந்தும், ஒரு நேரத்தில் ஒரு செயலியை மட்டுமே பயன்படுத்தும் நிலையில் இருந்தது. நினைவகத்தில் குப்பை கூட்டும் ஏற்பாடு, அதாவது இனிப் பயன்படாத இடத்தை மீட்டெடுக்கும் பகுதி, ஒற்றை இழையை நம்பி எழுதியது என்பதே காரணம். 2014 வாக்கில் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டோலன், லியோ வைட், அனில் மாதவப்பெட்டி ஆகியோர் இதை மாற்ற முனைந்தார்கள். விரைவில் அதில் சேர்ந்து, பிறகு ஐ.ஐ.டி. மெட்ராசில் ஆசிரியராகி, அங்கிருந்து அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் கே.சி. சிவராமகிருஷ்ணன். மான்சூன் குழுவுக்கு இல்லாத ஒரு நிபந்தனை இவர்களுக்கு இருந்தது. அவர்கள் வெறும் மனையில் புதுவீடு கட்டினார்கள். இங்கே குடியிருக்கும் வீட்டின் தூண்களை மாற்ற வேண்டும்: ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடையக்கூடாது, ஒற்றைச் செயலியில் ஓடினாலும் வேகம் குறையக்கூடாது. 2020-இல் குழு வெளியிட்ட கட்டுரையின் பெரும்பகுதி இந்த நிபந்தனையைக் காப்பாற்றக் குப்பை கூட்டும் முறையை எப்படி மறுவடிவமைத்தார்கள் என்பதையும், இரண்டு மாற்று வடிவங்களை அளந்து பார்த்து எதை ஏன் தேர்ந்தார்கள் என்பதையும் பேசுகிறது. 2022 டிசம்பர் 16 அன்று ஓகேமல் 5.0 வெளியானது.

அதில் இணையாக ஓடும் அலகுக்கு டொமைன் என்று பெயர். ஒரே டொமைனுக்குள் மாறி மாறி ஓடும் மெல்லிய இழைகளுக்கு ஃபைபர் என்று பெயர். இழைகள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டிய இடத்தில், இந்தப் புதிய வசதியைக் கற்பிக்க அந்தக் குழு எழுதிவைத்த மாதிரி நிரல்களிலேயே, எம்-வார் இருக்கிறது. ஓகேமலின் பழைய நூலகங்களான எல்டபிள்யூடி, அசிங்க் இரண்டிலும் அதே பெயர் முன்பே இருந்தது. அசிங்க்கில் ஐ-வாரும் உண்டு. எர்வைனில் எழுதத் தொடங்கி, மான்சூன் எந்திரத்தில் ஓடிய மொழியின் இரண்டு எழுத்துகள் இவை. சென்னையில் ஓகேமல் கற்கும் மாணவர் அவற்றைத் தட்டச்சு செய்யும்போது அர்விந்தின் பெயரையும் நிகிலின் பெயரையும் பாடத்தில் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.